அப்பா கேக்கச் சொன்னாரு

சிவபாண்டியைப் பற்றிக் கோரிப்பாளையத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். தர்காவைத் தாண்டி உள்ளே திரும்பும் தெருவில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். பிரேக் கேபிள் வாங்க வருகிறவன் அரைமணி நேரம் சிரித்துப் பேசிவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். அப்படி ஒரு வாய். பெரியவர் என்றால் அண்ணே, இளவட்டம் என்றால் மாப்ள, முகம் தெரியாதவன் என்றால் "வாங்க சொந்தம்". பக்கத்தில் பேட்டரிக் கடை போட்டிருக்கும் முஜிபுர் ரஹ்மான், "சிவா ஒரு நாள் கடை தொறக்கலன்னா தெருவே மய்யத்து விழுந்த வீடு மாதிரி ஆயிருது" என்று எல்லோரிடமும் சொல்வார்.

அந்த வாயைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குள் வருவான்.

மனைவி தமிழ்வாணியோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஏழு வருஷம். அதற்குப் பிறகுதான் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியே வந்தாள். வந்தும் மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது குடும்ப நீதிமன்றத்தில் இரண்டு வழக்கு நடக்கிறது. மனைவி காரணமில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் என்னைக் கைவிட்டுப் போய்விட்டாள், விவாகரத்து வேண்டும் என்று அவன் போட்டது ஒன்று. அவர் என்னைக் கொடுமைப்படுத்தினார், அதனால் விவாகரத்து வேண்டும் என்று அவள் போட்டது மற்றொன்று. இரண்டு பேருக்கும் பிரிவுதானே வேண்டும், சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவன் போட மாட்டேன் என்றான். "நான் என்ன தப்புச் செஞ்சேன்? ஓடிப்போனவ அவ. அத கோர்ட்டு எழுதித் தரணும்" என்று ஆள் விட்டுச் சொன்னான். எதையுமே ஆள் விட்டுத்தான் சொல்வான், மகராசன்.

தமிழ்வாணியின் அண்ணன் காளைக்கு இதைக் கேட்டுத் தூக்கம் போய்விட்டது. "ஓடுகாலின்னு ஒரு பேரு கோர்ட்டு சீலோட வந்துச்சுன்னா நம்ம தெருவுல தல நிமிர முடியுமா? நாளைக்குப் பாப்பாவுக்கு ஒரு நல்லது கெட்டது வந்தா என்ன சொல்லுவாங்க?" என்று வாரம் தவறாமல் வந்து புலம்பினார். கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு அறையும் அடுப்படியும் வாடகைக்கு எடுத்திருந்தாள். நாள் முழுக்கக் குடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னது அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தன்னை ஓடுகாலி என்று நாலு பேர் சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். பிள்ளை பவதாரிணியை ஓடுகாலி மகள் என்று சொல்லிவிடுவார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அவளுடைய வக்கீல் பீமாராவின் ஆபீஸ் தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள் இவை.

"அடிச்சாராம்மா?"

"இல்ல சார்."

"குடிப்பாரா?"

"டீயே அளவாத்தான் குடிப்பாரு."

"வேற பொம்பள சகவாசம்?"

"அய்யய்யோ, அதெல்லாம் கெடையாது சார்."

"நகை, பணம் கேட்டுத் தொந்தரவு?"

"கேக்கல."

பீமாராவ் பேனாவை மூடி வைத்தார். "அப்ப என்னதாம்மா கொடுமை?"

"பேசல சார்."

"எம்புட்டு நாளா?"

"பாப்பாவுக்குப் பால்பல்லு மொளைச்சு, அது விழுந்து, மறுபல்லு மொளைக்கிற வரைக்கும் சார்."

வக்கீல் பேனாவைத் திரும்பத் திறந்தார்.

சண்டை என்னவோ சின்னதுதான். பவதாரிணிக்குக் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்து. சொந்தக்காரர்களை ஏற்றிப் போக வேன் சொல்லியாச்சு, ஏசி வேன், பாட்டு வேன் என்று சிவபாண்டி ஒரு மாதமாக அளந்திருந்தான். விடிந்து வெயில் ஏறியும் வேன் வரவில்லை. அவன் வேனே சொல்லியிருக்கவில்லை, அதுதான் விஷயம். அத்தனை சனமும் வெண்கலப் பானையும் ஆட்டுக்குட்டியுமாக ரோட்டில் நின்றது. கைப்பிள்ளையோடு வேர்த்து விறுவிறுத்துப் போன தமிழ்வாணி, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒங்களுக்கு வாயத் தவிர வேற என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். சனம் கொல்லென்று சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "இனி அந்த வாயும் ஒனக்குக் கெடையாது" என்றான்.

அவளிடம் நேராக அவன் பேசிய கடைசி வார்த்தை அதுதான். மற்ற விஷயங்களில் எப்படியோ, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தவறாமல் நின்றான்.

முதலில் நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அப்புறம் மன்னிப்புக் கேட்டாள். ஒரு தரம் காலிலேயே விழுந்தாள். அவன் காலை நகர்த்திக்கொண்டு, தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து, "ஒங்கம்மாவ எந்திரிக்கச் சொல்லு" என்றான். பிள்ளைக்கு அப்போது பேச்சே வரவில்லை. பேச்சு வந்தபோது அது முதன்முதலில் கோவையாகச் சொன்ன வார்த்தை, "அப்பா சோறு வைக்கச் சொன்னாரு." மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் நிலாவைக் காட்டிப் பேச்சுப் பழக்குவார்கள். இந்தப் பிள்ளை செய்தி கொண்டுபோயே பேசக் கற்றுக்கொண்டது.

ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே அதன் பொழுது கழிந்தது. அம்மாவைத் தண்ணி கொண்டுவரச் சொல்லு. அப்பாகிட்ட காஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு. சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொல்லு. ஸ்கூலில் மீட்டிங், வருவாரான்னு கேளு. ஹாலிலிருந்து அடுப்படி எட்டிப் பிடிக்கிற தூரம். அவன் சொல்வது அவளுக்கும், அவள் சொல்வது அவனுக்கும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் பிள்ளை நடந்து வந்து சொல்லும் வரை அது சொன்ன கணக்கில் சேராது. யாராவது வெளியாள் பார்த்தால் பைத்தியக்கார வீடு என்பார்கள். வெளியாள் வந்தால்தான் அவன் பேச ஆரம்பித்துவிடுவானே, "நம்ம வாணி காப்பி போட்டான்னா மதுரையே திரும்பிப் பாக்கும்" என்று!

கடைசி வருஷம் ஒரு மாற்றம் வந்தது. தமிழ்வாணிக்குக் காய்ச்சல். பவதாரிணி கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா ஒனக்குக் காச்சல் கொறஞ்சிருச்சான்னு கேக்கச் சொன்னாரு" என்றாள். தமிழ்வாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரம் கழித்து, "அப்பா நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னாரு." அப்புறம் அது அடிக்கடி வந்தது, அதுவும் ஹால் பேச்சு எட்டாத பின்கட்டில் அவள் இருக்கும்போதாகப் பார்த்து, காதோடு. சாப்பிட்டியான்னு கேட்டாரு, கால்வலி எப்பிடி இருக்குன்னு கேட்டாரு, பச்சைச் சேலை ஒனக்கு நல்லா இருக்காம். கல் கரைகிறது என்று அவள் நம்பினாள். அயிரை மீன் வாங்கி ஆசையாகக் குழம்பு வைத்தாள். பூ வைத்துக்கொண்டாள். "சாப்பிட்டேன்னு சொல்லு, அவரு கடையில மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட்டாரான்னு கேளு" என்று பதில் அனுப்பினாள். பச்சைச் சேலையை வாரத்துக்கு இரண்டு தரம் கட்டிய கதையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு அது நினைவு வரும்போதெல்லாம் இன்னும் உடம்பு கூசுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பின்பக்கம் துணி காயப்போட்டுவிட்டு வந்தவள், ஹால் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த பையில் எதையோ தேடிக்கொண்டு நின்றாள். அவள் அங்கே நிற்பது அவர்களுக்குத் தெரியாது. சிவபாண்டி போனைப் பார்த்தபடியே, "குக்கர் கத்திக்கிட்டு இருக்கு, அமத்தச் சொல்லு" என்றான். பவதாரிணி எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். எக்கி நின்று தானே அடுப்பை அணைத்தாள். பிறகு பின்கட்டு வரை போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்து, கதவுக்குப் பின்னால் அம்மாவைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்போடு காதோரம் சொன்னாள்.

"அம்மா, அப்பா நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னாரு."

தமிழ்வாணி பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். எட்டு வயது. முன்பல் பாதி முளைத்த வாய். அம்மாவுக்குச் சந்தோஷமா என்று அந்தக் கண் தேடுகிறது. காய்ச்சல், கால்வலி, பச்சைச் சேலை எல்லாமே இந்தப் பிள்ளை தானாக இட்டுக்கட்டியது என்று அந்த நிமிஷம் விளங்கியது. வருகிற உத்தரவையெல்லாம் தானே செய்து முடித்துவிட்டு, அம்மாவுக்கு வேறு நல்ல செய்தியாகச் செய்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அப்பாவுக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கும்.

"சாப்பிட்டேன்னு சொல்லு" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது.

அன்றைக்கே பையில் துணியை அடைத்தாள். பவதாரிணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்து அவன் எதிரில் நின்றாள். "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனி இவ இந்த வீட்டுல தூது போக மாட்டா" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பாப்பா, ஒங்கம்மா எங்க போறாளாம்னு கேளு" என்றான். பவதாரிணி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சொல்வதற்கு வாயைத் திறந்தாள். "நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள் தமிழ்வாணி. பிள்ளை வாயை மூடிக்கொண்டது. இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை. நீ சொன்னதெல்லாம் பொய் என்று எனக்குத் தெரியும் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தெரியாத மாதிரியே இருந்துவிட்டாள்.

இந்தக் கதையில் பிள்ளை இட்டுக்கட்டியதை விட்டுவிட்டு மீதியைத்தான் பீமாராவிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "வீட்டுல நீங்க மூணு பேருதான். அப்ப சாட்சி பாப்பாதான். ஜட்ஜம்மா நல்லவங்க, தனி ரூம்ல வச்சு மிட்டாய் குடுத்துக் கேப்பாங்க. அப்பா என்ன சொல்லச் சொன்னாரு, அம்மா என்ன சொல்லச் சொன்னாங்க, அம்புட்டுத்தான்" என்றார். அம்புட்டுத்தானாம்! அம்மா அப்பா நடுவில் இன்னொரு தரம் அந்தப் பிள்ளை செய்தி தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், இந்த முறை கோர்ட்டுக்குள்ளே. அதுவும் பவதாரிணி, அப்பா அம்மாவைச் சாப்பிட்டியான்னு கேப்பாரு என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். சொல்லக் கூடாது என்றால், முதலில் அவளை உட்கார வைத்து, நீ செய்தது பொய் என்று உடைத்தாக வேண்டும்.

சிவபாண்டியைக் குறுக்கு விசாரணை செய்கிற நாள் வந்தது. அது முடிந்தால் அடுத்து இவர்கள் பக்கத்துச் சாட்சி. பாப்பாவைக் கையோடு கூட்டி வரச் சொல்லியிருந்தார் வக்கீல். காளை அண்ணன் அவளை வராண்டா பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பதினோரு வயது. பாவாடை சட்டை போய்ச் சுடிதார் வந்துவிட்டது. காலையில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் தமிழ்வாணி வக்கீலைத் தூண் ஓரமாக ஒதுக்கினாள்.

"சார், பாப்பா வேண்டாம்."

"என்னம்மா இது? சாட்சி லிஸ்ட்ல பேரு குடுத்தாச்சு."

"அவ பேர அடிச்சிருங்க."

"அவ இல்லன்னா கொடுமைக்கு என்ன சாட்சி இருக்கு? ஒரு பேப்பர் இல்ல, ஒரு காயம் இல்ல. நீங்க கைவிட்டுப் போனதாத்தான் தீர்ப்பு வரும், புரியுதா?"

"புரியுது சார். தோத்தா தோத்துட்டுப் போறோம். என்னைய ஓடிப்போனவன்னே எழுதிக்கிறட்டும். அவள ஏத்த மாட்டேன்."

பீமாராவ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக உள்ளே போனார்.

கூண்டில் ஏறிய சிவபாண்டி ஜம்மென்று இருந்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு. காது ஓரம் மட்டும் நரைத்திருந்தது. கடையில் பேசுகிற அதே தெம்போடு பேசினான், டைப் அடிக்கிற பெண்கூட ஒரு தடவை சிரித்துவிட்டாள். பீமாராவ் கேட்ட எதற்கும் அவன் தடுமாறவில்லை. சம்பாதித்துக் கொடுத்தேன், கைநீட்டியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழ்வாணிக்கே அவன் நல்லவன்தானோ என்று தோன்றிவிட்டது.

"மனைவி போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் பீமாராவ்.

"நான் ஒளிவு மறைவு இல்லாத ஆளு சார். ஹால்லதான் உக்காந்திருந்தேன். பையத் தூக்கிக்கிட்டு, பாப்பாவயும் கூட்டிக்கிட்டுப் போனா. ஒரு வார்த்த சொல்லல."

"உங்க கண்ணு முன்னாடியேவா?"

"ஆமா சார். எம் முன்னாடி நின்னு பேசிட்டுத்தான் போனா."

பீமாராவ் கேஸ் கட்டைப் புரட்டி அடுத்த கேள்வியைத் தேடினார். நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம். நின்னு என்ன பேசினாங்க?"

"எங்கம்மா வீட்டுக்குப் போறேன், இனி இவ தூது போக மாட்டான்னு பேசுனா மேடம்."

"யார்கிட்ட?"

"பொதுவா பேசுனா."

"அங்க வேற யார் இருந்தா?"

"யாரும் இல்ல மேடம். நானும் பாப்பாவுந்தான்."

"அப்ப போறேன்னு சொல்லிட்டுத்தானே போயிருக்காங்க? சொல்லாமப் போனாங்கன்னு மனுவில எழுதியிருக்கீங்க."

"இல்லைங்க மேடம்." அவன் பொறுமையாக, கடையில் விவரம் தெரியாத ஆளுக்கு விளக்குகிற மாதிரி விளக்கினான். "எங்க போறான்னு கேளுன்னு நான் பாப்பாகிட்டச் சொன்னேன். பாப்பா வந்து சொல்லல. கடைசி வரைக்கும் எங்கிட்ட வந்து சொல்லவே இல்ல."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. பீமாராவ் கட்டை மூடினார். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் அங்கிருந்த எல்லோருக்கும் உறைத்தது. அவன் மனசாரச் சொன்னான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க பேசுனது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு மேடம்."

"அப்புறம்?"

சிவபாண்டி யோசித்தான். "எங்க வீட்டுல அப்பிடிப் பழக்கம் இல்லைங்க மேடம்" என்றான். சொல்லும்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். 

நீதிபதி அந்தக் கேள்வியையும் பதிலையும் ஒரு வார்த்தை விடாமல் நிதானமாகச் சொல்லி டைப் அடிக்க வைத்தார். பிறகு, "உங்க மனைவி அங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட ஏதாவது சொல்லணும், கேக்கணும்னா இப்ப கேளுங்க, சிவபாண்டி. நாங்க யாரும் குறுக்க வரல" என்றார்.

அவன் திரும்பினான். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். அவளும் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஊரையே சிரிக்க வைக்கிற வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பாவி, ஏதாவது சொல்லு, திட்டவாவது செய்யி என்று தமிழ்வாணிக்கு உள்ளே கிடந்து அடித்துக்கொண்டது. 

அவன் மெதுவாகத் தன் வக்கீல் பக்கம் திரும்பிக்கொண்டான். "பாப்பா நல்லாப் படிக்குதான்னு கேக்கச் சொல்லுங்க சார்" என்றான்.

வெளியே வந்ததும் பீமாராவ் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். "பாப்பாவே தேவையில்லம்மா. அவரே நமக்குச் சாட்சி சொல்லிட்டுப் போயிட்டாரு. அடுத்த வாய்தாவுல நீங்க மட்டும் ஏறிச் சொன்னாப் போதும், தீர்ப்பு அடுத்த மாசம். கைவிட்டுப் போனாங்கிற பேச்சு இனி நிக்காது." காளை அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். ஏழு வருஷம் அவள் பட்டதை யாராவது ஒருத்தர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கியவள்தான். இன்றைக்குக் கோர்ட்டே வாங்கிக்கொண்டுவிட்டது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அண்ணன் தன் வண்டியில் போய்விட, அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். உச்சி வெயில். பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ் ஒன்று படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்க, நிற்காமல் போனது. அவர்கள் கூரைக்குக் கீழே இருந்த இரும்புக் குழாயில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"அப்பா உள்ள என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டாள் பவதாரிணி.

தமிழ்வாணியிடம் ஒரே ஒரு நல்ல செய்திதான் இருந்தது, அதைச் சொன்னாள். "நீ நல்லாப் படிக்கிறியான்னு கேக்கச் சொன்னாரு."

பவதாரிணி அம்மாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "பொய் சொல்லாதம்மா" என்றாள்.

"நெசமாத்தான்டி. சத்தியமாக் கேட்டாரு."

"நானும் இப்பிடித்தான சொல்லுவேன்."

 ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, வாரீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பவதாரிணி துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"அம்மா, அன்னைக்கு நான் அப்பாகிட்டச் சொல்லியிருந்தா இந்தக் கேஸே வந்திருக்காதுல்ல?"

"எதைச் சொல்லியிருந்தா?"

"நீ அம்மாச்சி வீட்டுக்குப் போறன்னு. அப்பா கேளுன்னு சொன்னாரு. நான் சொல்லல. சொல்லாமப் போயிட்டாங்கிறதுதான் கேஸுன்னு மாமா சொல்லுச்சு. நாந்தான சொல்லல."

மூன்று வருஷம்! மூன்று வருஷமாக இந்தப் பிள்ளை இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு படித்திருக்கிறது, தூங்கியிருக்கிறது, பக்கத்தில் படுத்திருக்கிறது. கோர்ட்டிலிருந்து காப்பாற்றிவிட்டதாகக் காலையில் நினைத்துக்கொண்டவள் இவள். பிள்ளையோ தன்னைத்தானே கூண்டில் ஏற்றித் தண்டனையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பேசாமல் இருந்தது சிவபாண்டி மட்டும்தானா? பிள்ளை மனசு நோகும் என்று இவளும்தானே வாயை மூடிக்கொண்டிருந்தாள். தமிழ்வாணிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"என்னையப் பாரு" என்றாள். "எங்கயும் பாக்காத, என் மூஞ்சியப் பாரு. நான் போறேன்னு நானே ஒங்கப்பாகிட்டச் சொன்னேன். அவரு காதுல விழுந்துச்சு. விழுந்துச்சுன்னு இன்னைக்கு ஜட்ஜம்மாகிட்ட அவரே ஒத்துக்கிட்டாரு. கேஸு வந்தது ஒன்னால இல்ல. புரியுதா?"

பவதாரிணி தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"ஒனக்கு அது வேலையே இல்லடி. எங்க ரெண்டு பேருக்கும் வாய் இருந்துச்சு. ஒன்னய நடக்க விட்டது எங்க தப்பு."

"அதுக்கு முன்னாடி நான்... நெறையப் பொய் சொல்லியிருக்கேன்ம்மா. அப்பா கேட்டாரு, அப்பா கேட்டாருன்னு."

"தெரியும்."

"தெரியுமா?" பிள்ளை அதிர்ந்து பார்த்தது. "எல்லாமேவா?"

"எல்லாந்தான்."

"பச்சச் சேலையும்?"

"பச்சச் சேலையுந்தான்" என்றாள் தமிழ்வாணி. சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் பஸ் ஸ்டாப் என்றும் பார்க்காமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பவதாரிணி ஒட்டி உட்கார்ந்து அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எதிரே கரும்புச்சாறு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த பஸ்ஸையும் இருவரும் விட்டுவிட்டார்கள்.

அழுகை அடங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பவதாரிணி மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நீ சாப்பிட்டியா?"

தமிழ்வாணி பழக்கத்தில், "யாரு கேக்கச் சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல" என்றாள் மகள். "நாந்தான் கேக்குறேன்."